பாட்டை ஓடவிட்டுப் படியுங்கள்: ஹிப்ஹாப் புத்தகங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

ஹிப்ஹாப் கலைஞர்களின் வாழ்க்கையையும் இசையையும் பேசும் நூல்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். "யார் பெரிய ராப்பர்?" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அந்தப் பஞ்சாயத்துக்கு இந்தப் பக்கம் போதாது.

கென்ட்ரிக் லாமரும் டூபாக்கும்தான் நான் கேட்பது. வரலாறு தெரிய எங்கே தொடங்கலாம்? எல்லோரும் சொல்கிறார்களே என்று ஜெஃப் சாங்கின் ‘கான்ட் ஸ்டாப் வோன்ட் ஸ்டாப்’ வாங்கினேன். ஐம்பது பக்கம் தாண்டவில்லை.
*கல்லூரி மாணவர், கோவை*

ஐம்பதாவது பக்கத்தில் அடையாளச் சீட்டோடு தூங்கும் பிரதிகள் நிறைய உண்டு. 2005-இல் வந்த அந்த நூல் பாட்டில் தொடங்குவதில்லை. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியைப் பிளந்துகொண்டு போன நெடுஞ்சாலை, எரிந்த குடியிருப்புகள், தெருக் கும்பல்கள், இடையில் ஜமைக்கா என்று சுற்றிவிட்டுத்தான் இசைக்கு வரும். ஒரு தலைமுறையின் சமூக வரலாறு அது. ஹிப்ஹாப்பைத் தொடங்கிவைத்தவராகக் கருதப்படும் டிஜே கூல் ஹெர்க் வரும் அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு, பிறகு முன்பக்கங்களுக்குத் திரும்புங்கள். 1973 ஆகஸ்ட் 11 இரவு, 1520 செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பின் பொது அறையில் ஹெர்க்கின் தங்கை சிண்டி ஏற்பாடு செய்த விருந்து. நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, தாளம் மட்டும் தனித்து நிற்கும் சில நொடிகளை நிமிடக்கணக்கில் நீட்டும் முறையை ஹெர்க் பிறகு வளர்த்தெடுத்தார். இது மனதில் பதிந்துவிட்டால் அந்த நெடுஞ்சாலைக் கதை ஏன் அவ்வளவு நீளம் என்பது தானாகவே புரியும்.

ஆனால் உங்களுக்கு இன்னும் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. கேட்கிற பாட்டிலிருந்து பின்னோக்கி நடங்கள். கென்ட்ரிக்கின் 2015 ஆல்பமான ‘டு பிம்ப் எ பட்டர்ஃபிளை’யின் கடைசிப் பாடலில் அவர் டூபாக்கோடு உரையாடுவதுபோல வரும். 1994-இல் ஸ்வீடன் வானொலிக்கு டூபாக் கொடுத்த பேட்டியின் குரல் அது. அந்த ஆல்பத்தை ஓடவிட்டு மார்கஸ் ஜே. மூரின் ‘தி பட்டர்ஃபிளை எஃபெக்ட்’டைப் படியுங்கள் (2020). கமாசி வாஷிங்டன், தண்டர்கேட், டெரஸ் மார்ட்டின் போன்ற ஜாஸ் கைகள் அந்த ஒலிக்குள் எப்படி வந்தன என்பதை மூர் நன்றாகச் சொல்வார். அடுத்து பென் வெஸ்ட்ஹாஃபின் ‘ஒரிஜினல் கேங்ஸ்டாஸ்’ (2016): ஈஸி‑ஈ, டாக்டர் ட்ரே, ஐஸ் க்யூப், டூபாக் என்று லாஸ் ஏஞ்சலஸின் முந்தைய தலைமுறை. சாங்கை மூன்றாவதாக எடுத்தால் ஐம்பதாவது பக்கம் வந்ததே தெரியாது.

மிருதங்கம் கற்கிறேன். ஜே டில்லா பற்றிய ‘டில்லா டைம்’ நூலில் வாழ்க்கைப் பகுதி புரிகிறது, தாளப் பகுதியில் கட்டம் கட்டமாக வரும் படங்கள் தலை சுற்றுகின்றன. நம் நடைக் கணக்கில் விளக்க முடியுமா?
*வாசகர், திருச்சி*

முடியும். சொல்லப்போனால் மேற்கத்திய வாசகரைவிட உங்களுக்கு இது சுலபம்.

டான் சார்னஸ் 2022-இல் வெளியிட்ட இந்த நூல் ஓர் அத்தியாயம் வாழ்க்கை, ஓர் அத்தியாயம் இசை என்று மாறி மாறிப் போகும். இசைப் பகுப்பாய்வுக்கு ஜெஃப் பெரட்ஸ் துணை. டெட்ராய்ட்டில் 1974 பிப்ரவரி 7-இல் பிறந்து, 32 வயது முடிந்த மூன்றாம் நாள், 2006 பிப்ரவரி 10-இல் மறைந்த ஜேம்ஸ் யான்சி, அதாவது ஜே டில்லா என்ற ஹிப்ஹாப் தயாரிப்பாளர், உலகத்து டிரம்மர்களின் கையையே மாற்றிவிட்டார் என்பதுதான் நூலின் வாதம். அந்த வாதம் நிற்பதும் விழுவதும் நீங்கள் தாண்டிப்போன அந்தப் படங்களில்தான்.

ஓர் அட்சரத்தைத் ‘தகதிமி’ என்று நான்காக வையுங்கள். அதன் முதல் பாதி ‘தக’. டில்லா பயன்படுத்திய எம்பிசி 3000 என்ற கருவி ஓர் அட்சரத்தை 96 நுண்துளிகளாகப் பிரிக்கிறது. ஆக ‘தக’ என்ற பாதிக்கு 48 துளி. ‘க’ சரியாக நடுவில், 24-ஆம் துளியில் விழுந்தால் கருவி அதை 50 சதவீதம் என்று காட்டும். அது சதுஸ்ரம். அதே 48 துளியைத் ‘தகிட’ என்று மூன்றாக்கி, ‘கி’யை விழுங்கிவிட்டு ‘த’, ‘ட’ மட்டும் தட்டினால் இரண்டாவது தட்டு 32-ஆம் துளியில் விழும். அதுதான் 66 சதவீதம், திஸ்ரம். ஜாஸ்காரர்கள் ‘ஸ்விங்’ என்று சொல்வது இதன் பக்கத்தில் இருக்கிறது. இடையில் 54 சதவீதம் என்றால் 26-ஆம் துளி, 58 என்றால் 28, 62 என்றால் 30. இந்த இடைநிலைகளுக்கு நம் நடைப் பெயர் கிடையாது. ஆனால் நாட்டுப்புறத் தப்பு, பம்பை கேட்டவர்களுக்கு அந்த இழுவை பழக்கமானதுதான்.

இதுவரை சொன்னது எல்லா ஹிப்ஹாப் தயாரிப்பாளருக்கும் பொது. டில்லாவிடம் புதிதாக இருந்தது, ஒரே தாளத்துக்குள் இரண்டு கணக்கை ஒன்றாக ஓடவிட்டது. ஹை‑ஹாட் (ஜோடித் தாளத்தட்டு) சதுஸ்ரத்தில் நேராகப் போகும், கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்விங்கில் ஆடும், ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சிறு டிரம்) தன் இடத்துக்குச் சில துளி முன்னதாகவே விழும். அட்சரம் நிமிடத்துக்கு 90 என்றால் ஒரு துளி ஏறக்குறைய 7 மில்லிநொடி. சதுஸ்ரத்துக்கும் திஸ்ரத்துக்கும் நடுவே உள்ள 8 துளி 56 மில்லிநொடிதான். காது அதைத் ‘தப்பு’ என்று ஒதுக்கவும் மாட்டாமல், ‘சரி’ என்று அடங்கவும் மாட்டாமல் தவிக்கும். அந்தத் தவிப்புதான் ‘டில்லா டைம்’.

கையில் செய்து பாருங்கள். மெட்ரோனோம் 60. வலது கை ‘தகதிமி’யை நேராகத் தொடையில் தட்டட்டும், இரண்டு நிமிடம் நிறுத்தாமல். பிறகு இடது கையில் ‘த–ட’ திஸ்ர இழுவை. இரண்டும் மோதும் இடம் கேட்கத் தொடங்கியதும் 80, பிறகு 90. பெரும்பாலோர் வழுக்கும் இடம் ஒன்று: சோம்பலாக வாசித்தால் டில்லா ஆகிவிடும் என்று எல்லாவற்றையும் சேர்த்துத் தாமதப்படுத்துவார்கள். எல்லாமே தாமதமானால் காலப்பிரமாணம் இறங்குமே தவிர இழுவை வராது. ஒரு கை நேராக நின்றால்தான் மற்றது சாய்வது தெரியும்.

"அவர் கருவியின் நேரத் திருத்தத்தை அணைத்துவிட்டு மனம்போனபடி தட்டினார்" என்று பல கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். சார்னஸ் இதை மறுக்கிறார்: கருவியிலேயே உள்ள நேரம் நகர்த்தும் வசதியை வைத்து, தெரிந்தே கணக்காகச் செய்தவை அவை. டில்லாவின் ‘டோனட்ஸ்’ ஆல்பம் முழுக்க மருத்துவமனைப் படுக்கையில் உருவானது என்ற உருக்கமான கதையையும் அவர் அப்படியே விடுவதில்லை. ஏற்கெனவே செய்திருந்த பீட் (ராப்புக்கான பின்னணித் தாள இசை) தொகுப்பிலிருந்துதான் அந்த ஆல்பம் வளர்ந்தது; அதை வெளியிட்ட இசை நிறுவனத்தில் இருந்த ஜெஃப் ஜாங்க் அதை நீட்டித் தொகுத்தார். ‘டோனட்ஸ்’ பற்றி ஜோர்டன் ஃபெர்குசன் 2014-இல் எழுதிய சிறுநூல் அதே ஆல்பத்தை மரணத்தோடு நடக்கும் பேச்சாகப் படிக்கிறது. அழகான நூல்தான், சார்னஸைப் படித்த பிறகு அதன் சில பக்கங்கள் கொஞ்சம் ஆட்டம் காணும். இரண்டையும் அந்த வரிசையிலேயே, முதலில் ஃபெர்குசன், பிறகு சார்னஸ் என்று படித்தால் ஒரு தொன்மம் எப்படிக் கட்டப்படுகிறது, எப்படிக் கழற்றப்படுகிறது என்பதையும் பார்த்துவிடலாம்.

ராப்பர்களின் தன்வரலாறுகளை உண்மையில் எழுதுவது யார்? எவ்வளவு நம்பலாம்?
*வாசகி, சென்னை*

அட்டையில் சின்ன எழுத்தைப் பாருங்கள். ப்ராடிஜியின் ‘மை இன்ஃபேமஸ் லைஃப்’ (2011) அட்டையில் லாரா செக்கோவே பெயர் இருக்கும். காமன் என்ற ராப்பரின் நூலில் ஆடம் பிராட்லி. குச்சி மேனின் தன்வரலாற்றில் (2017) நீல் மார்டினெஸ்‑பெல்கின். பெயர் இருப்பது நல்ல அறிகுறி. பேட்டி எடுத்து, நாள் சரிபார்த்து, முரண் கேட்ட ஓர் ஆள் இருந்தார் என்று அர்த்தம். அட்டையில் இல்லையென்றால் நன்றியுரைப் பக்கத்தில் தேடுங்கள். ஜே‑ஸியின் ‘டீகோடட்’ (2010) உருவாக உழைத்தவர் ட்ரீம் ஹாம்ப்டன். அதற்கு முன் இருவரும் சேர்ந்து செய்த நேரடியான வாழ்க்கை நூல் ஒன்று அச்சேறாமலே நின்றுவிட்டது. ‘டீகோடட்’ 36 பாடல்களின் வரிகளுக்கு ஓரக்குறிப்பு எழுதும் வடிவத்தில் இருப்பதை இந்தப் பின்னணியோடு பாருங்கள். தன்னைப் பற்றிச் சொல்லத் தயங்கும் ஒருவர், தன் வரிகளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிக்கொள்கிறார்.

தன்வரலாற்றில் நம்பத்தக்கவை சிறுவயது வீடு, பாட்டெழுதும் முறை, ஸ்டுடியோ அறை. நம்பும் முன் நிறுத்திப் பார்க்க வேண்டியவை பணக்கணக்கு, சண்டையை யார் தொடங்கினார் என்பது, தேதிகள். குற்றச் செயல் வரும் இடங்களில் ஆள் பெயர் மாறும், ஆண்டு மங்கும். வழக்கறிஞர் படித்த பிறகே அச்சுக்குப் போகும் என்பதால் அது இயல்பு.

ஒரு நல்ல பயிற்சி, வு‑டாங் க்ளான் என்ற ராப் குழுவை எடுத்துக்கொள்வது. தலைவர் ரிஸாவின் ‘தி வு‑டாங் மேனுவல்’ (2005) தத்துவமும் சதுரங்கமும் குங்ஃபூ படமுமாக இருக்கும். அதே குழுவின் யூ‑காட் எழுதிய ‘ரா’ (2018), ரேக்வான் எழுதிய ‘ஃப்ரம் ஸ்டேர்கேஸ் டு ஸ்டேஜ்’ (2021) இரண்டிலும் அதே வருடங்கள், அதே அறைகள். ஆனால் ஒப்பந்தம், பங்கு என்று வரும்போது சித்திரம் மாறும். ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு, 1993-இல் வந்த முதல் ஆல்பத்தைச் சுற்றிய நிகழ்ச்சிகளை மூவரும் எப்படிச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். வெளியிலிருந்து எழுதிய நூல் வேண்டுமென்றால் எஸ்.எச். ஃபெர்னாண்டோ ஜூனியரின் ‘ஃப்ரம் த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ஷாவோலின்’ (2021). இலங்கைப் பூர்வீகக்காரர், இலங்கைச் சமையல் புத்தகமும் எழுதியிருக்கிறார் என்பது இங்கே தேவையில்லாத, ஆனால் சொல்லாமல் விட மனம் வராத தகவல்.

டூபாக் பற்றிக் குவிந்து கிடக்கும் நூல்களில் எதை வாங்குவது?
*வாசகர், நாகர்கோவில்*

கொலையை யார் செய்தார் என்று துப்புத் துலக்கும் நூல்களைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். அவற்றில் 25 வயதுப் பாடகர் இருக்க மாட்டார், அவர் சுடப்பட்ட 1996 செப்டம்பர் 7 இரவின் கார் மட்டும்தான் இருக்கும்.

முதலில் ஸ்டேசி ராபின்சன் 2023-இல் எழுதிய வாழ்க்கை வரலாறு. குடும்பத்தின் ஒப்புதல் பெற்றது என்பதால் கையெழுத்துக் குறிப்பேடுகள் வரை பார்க்கக் கிடைக்கின்றன. தாய் அஃபெனி ஷக்கூர் கறுஞ்சிறுத்தைகள் (பிளாக் பாந்தர் என்ற கறுப்பர் உரிமை இயக்கத்தினர்) மீதான வழக்கில் தனக்காகத் தானே வாதாடி 1971 மே மாதம் விடுதலையாகி, அடுத்த மாதம் 16-ஆம் தேதி மகனைப் பெற்றதிலிருந்து கதை வளர்கிறது. ஒப்புதல் நூலுக்கே உரிய பலவீனமும் இருக்கிறது. சங்கடமான இடங்களில் குரல் தணிந்துவிடும். 1993-இல் பதிவாகி, சிறைத் தண்டனை வரை போன பாலியல் வழக்குப் பகுதியைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். மாற்றுக்கு மைக்கேல் எரிக் டைசனின் ‘ஹாலர் இஃப் யூ ஹியர் மீ’ (2001). காலவரிசைப்படி போகாது, தாய், புத்தகங்கள், பெண்கள், மரணம் என்று பொருள்வாரியாக வாதாடும்.

‘த ரோஸ் தட் க்ரூ ஃப்ரம் கான்க்ரீட்’ (1999) அவர் பதின்வயதின் இறுதியில் எழுதிய கவிதைகள். ராப் வரிகளை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமே. கையெழுத்துப் பிரதியும் அச்சு வடிவமும் எதிரெதிரே இருப்பதால், அடித்துத் திருத்திய இடங்களைப் பார்க்க வாங்கலாம்.

கொலை நூல்கள் விஷயத்தில் ஒன்றுமட்டும். டுவேன் டேவிஸ் என்பவர் 2019-இல் வெளியிட்ட தன் நினைவுநூலிலேயே அந்த இரவில் தான் இருந்த இடத்தை எழுதியிருந்தார். 2023 செப்டம்பரில் அவர் கைதாகிக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டபோது, அரசுத் தரப்பு சுட்டிக்காட்டியவற்றில் அந்தப் புத்தகமும் ஒன்று. அவர் குற்றத்தை மறுத்திருக்கிறார். நினைவுநூல்களில் ஏன் பெயர்கள் மங்குகின்றன என்று மேலே சொன்னதற்கு இது எதிர்முனை.

பீட் செய்யப் பழகுகிறேன். கருவி, சாம்பிள் என்று தொழில் பேசும் நூல் எது? 90-களின் அந்தக் கரகரப்பான ஒலி ஏன் என் லேப்டாப்பில் வரவில்லை?
*வாசகர், சேலம்*

நூல் இரண்டு. ஜோசப் ஷ்லாஸின் ‘மேக்கிங் பீட்ஸ்’ (2004) தயாரிப்பாளர்களோடு பழகி எழுதிய ஆய்வு. சாம்பிளை, அதாவது எடுத்தாளும் இசைத்துண்டை, இசைத்தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், மறுவெளியீட்டுத் தொகுப்பிலிருந்து எடுப்பது சோம்பேறித்தனம், இன்னொருவர் எடுத்த துண்டையே எடுப்பது திருட்டு என்று அவர்களுக்குள் இருந்த எழுதாத சட்டங்களை அது பதிவு செய்கிறது. பிரையன் கோல்மனின் ‘செக் த டெக்னிக்’ (2007) 36 ஆல்பங்களை எடுத்து, செய்தவர்களின் வாயாலேயே பாட்டுப் பாட்டாகச் சொல்ல வைக்கிறது. கருவி, ஸ்டுடியோ, யார் தாமதமாக வந்தார் வரைக்கும் இருக்கும். ஒரு நாளைக்கு ஓர் ஆல்பம், பாட்டை ஓடவிட்டுக்கொண்டு. மொத்தமாகப் படித்தால் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும்.

கரகரப்புக்குக் காரணம் வறுமை. கருவியின் நினைவக வறுமை. 1987-இல் வந்த எஸ்பி‑1200 என்ற சாம்பிள் கருவியில் மொத்தச் சாம்பிள் நேரம் 10 நொடி, ஒரு துண்டுக்கு அதிகபட்சம் 2.5 நொடி. 12 பிட், நொடிக்கு 26,040 மாதிரிகள். இடத்தை மிச்சம் பிடிக்க, 33⅓ வேகத் தட்டை 45-இல் ஓட்டிப் பதிவு செய்து, கருவிக்குள் சுருதியை இறக்கிக்கொள்வார்கள். 1.35 மடங்கு வேகம் என்பதால் 10 நொடியில் 13.5 நொடி இசை அடங்கும். திரும்ப இறக்க வேண்டியது ஐந்து ஸ்வரஸ்தானத்துக்குச் சற்று மேல். இதற்கு ஒரு விலை உண்டு. அந்தக் கருவி பிடிக்கக்கூடிய உச்ச அதிர்வெண் சுமார் 13 கிலோஹெர்ட்ஸ். இறக்கிய பிறகு அது 9.6 ஆகிவிடும். மேலே மூடிய ஒலி. கூடவே சுருதி இறக்கும்போது அசல் தட்டில் இல்லாத உலோகச் சிலுசிலுப்பு ஒன்று சேரும். நீங்கள் தேடுவது இந்த இரண்டின் கலவை.

லேப்டாப்பில் 12 பிட் வடிகட்டியைக் கடைசியாக மொத்தப் பாட்டின் மேல் போட்டால் வெறும் இரைச்சல்தான் கிடைக்கும். வரிசை முக்கியம்: ஒவ்வொரு துண்டையும் தனியே 1.35 மடங்கு வேகமாக்கி, 26 கிலோஹெர்ட்ஸ், 12 பிட்டுக்குக் குறைத்து, அதன் பிறகு வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்கும் பழைய முறையில் இறக்குங்கள். நீளத்தை மாற்றாமல் சுருதி மட்டும் மாற்றும் நவீன வசதியை அணைத்து வைக்க வேண்டும். பலருக்கும் தவறுவது அங்கேதான்.

தமிழ் ஆசிரியை நான். மாணவர்களுக்கு ராப்பின் யாப்பைச் சொல்லித்தர நூல் உண்டா? இந்த வாழ்க்கை நூல்களில் பாடல் வரிகளே ஏன் இவ்வளவு குறைவு?
*வாசகி, மதுரை*

இரண்டாவதற்கு முதலில். வரி அச்சிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஒரு ராப் பாட்டுக்கு எழுதியவர், தயாரித்தவர், சாம்பிள் எடுக்கப்பட்ட பழைய பாட்டின் எழுத்தாளர் என்று ஐந்தாறு பங்குதாரர் இருப்பது சாதாரணம். பதிப்பகங்கள் அரை வரியோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான். யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2010-இல் ‘தி ஆந்தாலஜி ஆஃப் ராப்’ என்று பெருந்தொகுப்பு கொண்டுவந்தது. கேட்டு எழுதியதில் ஏகப்பட்ட பிழைகள் என்று உடனே விமர்சனம் கிளம்பியது. சில பிழைகள் இணைய வரித் தளங்களில் இருந்தவற்றோடு அப்படியே ஒத்தும் போயின. வகுப்பில் பயன்படுத்தினால் பாட்டைப் போட்டுச் சரிபார்த்த பிறகே கொடுங்கள்.

யாப்புக்கு பால் எட்வர்ட்ஸின் ‘ஹவ் டு ராப்’ (2009). நூற்றுக்கும் மேற்பட்ட ராப்பர்களின் பேட்டி. அதில் வரும் அட்டவணை உங்களுக்கு மிகவும் உதவும்: 1, 2, 3, 4 என்று நான்கு பத்தி, தாள அடி விழும் அசை அந்தந்த எண்ணுக்குக் கீழே. ஒரு வரிசை ஒரு ‘பார்’, வழக்கமான சரணம் 16 பார். தமிழில் போட்டுப் பாருங்கள்:

கடைத் | தெருவில் | நடக் | கிறேன்
அடை | மழையில் | கிடக் | கிறேன்

கடை–அடை எதுகை. நடக்கிறேன்–கிடக்கிறேன் இயைபு. ஆங்கில ராப் நூல்கள் கொண்டாடும் பல அசை இயைபு, வினைவிகுதி ஒன்றானாலே தமிழில் இலவசமாகக் கிடைத்துவிடும். ‘கிறேன்’ மட்டும் ஒத்தால் மதிப்பெண் கிடையாது, ‘டக்’ வரை பகுதிக்குள் போய் ஒத்தால்தான் மதிப்பெண் என்று வகுப்பில் விதி வையுங்கள். உள்வரி இயைபுக்கு ராகிம் என்ற ராப்பரைத்தான் கேட்க வேண்டும். அவருடைய ‘ஸ்வெட் த டெக்னிக்’ (2019) பாதி வாழ்க்கை, பாதி எழுதும் முறை. சிறுவயதில் சாக்ஸஃபோன் வாசித்ததும் ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் கோல்ட்ரேனைக் கேட்டதும் வரியின் நடுவில் இயைபு வைக்கும் பழக்கமாக எப்படி மாறின என்பது அதில் இருக்கிறது.

எல்லாம் ஆண்களின் கதையாகவே இருக்கிறதே?
*வாசகி, புதுச்சேரி*

அலமாரி அப்படித்தான் சாய்ந்திருக்கிறது. ‘ராப்பர்ஸ் டிலைட்’ (1979), ‘தி மெசேஜ்’ (1982) இரண்டையும் வெளியிட்ட ஷுகர் ஹில் நிறுவனத்தை நடத்திய சில்வியா ராபின்சன் பல நூல்களில் இரண்டு பத்தியில் முடிந்துவிடுவார். கேத்தி இயாண்டோலியின் ‘காட் சேவ் த க்வீன்ஸ்’ (2019) தொடர்ச்சியான வரலாறு; க்ளோவர் ஹோப்பின் ‘த மதர்லோட்’ (2021) நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களைத் தனித்தனிக் குறிப்பாகத் தரும். முன்னதைப் படிக்கவும் பின்னதைப் புரட்டவும் வாங்கலாம். ஒன்றே ஒன்று என்றால் பாடகி லாரின் ஹில்லின் 1998 ஆல்பம் பற்றி ஜோன் மார்கன் எழுதிய ‘ஷீ பிகாட் திஸ்’ (2018). மெலிந்த நூல், ஒரு வார இறுதி போதும். ஐந்து கிராமி வாங்கிய அந்த ஆல்பத்தில் யாருடைய உழைப்பு எவ்வளவு என்று எழுந்த வழக்கையும் மார்கன் ஒளிக்கவில்லை. ரசிகை எழுதும் நூல்களில் அரிது.

பன்னிரண்டு வயது மகனுக்கு?
*வாசகர், தஞ்சாவூர்*

சாங்கின் நூலுக்கு இளையோர் பதிப்பு 2021-இல் வந்திருக்கிறது, டேவி டி என்பவரோடு சேர்ந்து எழுதியது. பெரியவர்களுக்கான ராப்பர் தன்வரலாறு எதையும் நீங்கள் படிக்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

இணையக் கடையில் புதிதாக இறந்த ராப்பர்களின் வாழ்க்கை வரலாறு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
*வாசகர், பெங்களூர்*

கலைஞர் இறந்த சில வாரங்களுக்குள் வந்தது, நூறு பக்கத்துக்குக் கீழ், பதிப்பகப் பெயர் இல்லை, பின்னால் பெயரகராதி இல்லை, யாரையும் பேட்டி எடுத்த அடையாளம் இல்லை. இவற்றில் மூன்று பொருந்தினால் அது இணையக் கலைக்களஞ்சியத்தை அச்சடித்து விற்பது. ‘மாதிரிப் பக்கங்கள்’ வசதியில் ஒரு பக்கம் படித்தாலே தெரியும்: ஸ்டுடியோ பெயரோ, ஒலிப்பொறியாளர் பெயரோ, ஒரு கருவியின் பெயரோ இருக்காது, ‘கனவு’, ‘போராட்டம்’ மட்டும் இருக்கும். கூடவே ஒன்று: ‘டில்லா டைம்’, ‘டீகோடட்’ இரண்டையும் தாளிலேயே வாங்குங்கள். கட்டப் படங்களும் ஓரக்குறிப்புகளும் கைபேசித் திரையில் படுத்துவிடும்.

எம்.ஐ.ஏ. பற்றி முழுமையான வாழ்க்கை நூல் உண்டா?
*வாசகர், டொரோண்டோ*

2012-இல் அவர் பெயரிலேயே வந்த நூல் ஓவியமும் ஸ்டென்சிலும் நிழற்படமுமான கலைத்தொகுப்பு. வாழ்க்கைக் கதையை அதில் தேடாதீர்கள். எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம் இசைக்கு முன்பே ஓவியக்காரர் என்பதை விளங்கிக்கொள்ள அது போதும். தந்தையின் பெயரால் ‘அருளர்’ (2005), தாயின் பெயரால் ‘கலா’ (2007) என்ற இரு ஆல்பங்களையும் பக்கத்தில் வைத்துப் புரட்டுங்கள். ‘அருளர்’ காலத்து ஒலிக்கு அடிப்படை ரோலண்ட் எம்சி‑505 என்ற ஒற்றைப் பெட்டி. அந்த நிறங்களின் அடுக்குமுறைக்கும் இந்த ஒலியின் அடுக்குமுறைக்கும் உள்ள உறவு கண்ணுக்கே தெரியும்.

மலேசியத் தமிழ் ராப் பற்றி எழுத ஆசை. இந்த நூல்களில் எதை மாதிரியாகக் கொள்ளலாம்? வேலையை எங்கே தொடங்குவது?
*வாசகர், கிள்ளான்*

கோல்மனின் ‘செக் த டெக்னிக்’ முறைதான் தனியாள் வேலைக்குப் பொருந்தும். முழு வரலாறு என்று இறங்கினால் மூச்சு முட்டும். ஓர் ஆல்பத்தை எடுங்கள். யோகி பி அண்ட் நட்சத்ராவின் ‘வல்லவன்’ (2006) கண்முன் இருக்கிறது. அதற்கு முன்கதையாக யோகி பி இருந்த போயட்டிக் அம்மோ குழுவின் 1998 ஆல்பம். பாட்டுப் பாட்டாகப் போங்கள்.

சிடி உள்தாளை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் பட்டியலிடுங்கள். பாடியவரைவிட ஒலிப்பதிவாளரும் மிக்ஸ் செய்தவரும் துல்லியமாக நினைவில் வைத்திருப்பார்கள். நாள் குறித்தது அவர்கள்தானே. ஆளுக்கு 90 நிமிடம், தனித்தனியாக. சேர்த்து உட்காரவைத்தால் உரக்கப் பேசுபவரின் கதையே எல்லோருடைய கதையும் ஆகிவிடும். இரண்டு பதிவுக் கருவி, முதல் நாளே எழுத்தில் ஒப்புதல். "எப்படி உணர்ந்தீர்கள்?" என்று கேட்டால் மேடைப் பேச்சு வரும், "எந்த அறை, எந்த மைக், யார் காசு கொடுத்தார், எத்தனை டேக்?" என்று கேட்டால் கதை வரும். ஆண்டு விஷயத்தில் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள்: பாட்டு வெளியான ஆண்டையே பதிவான ஆண்டாகச் சொல்வது. ரசீது, பத்திரிகை விளம்பரம், பழைய மின்னஞ்சல் என்று வாய்மொழிக்கு வெளியே ஒரு சான்று இல்லாமல் எதையும் உறுதியாக எழுதாதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சை நல்ல தமிழாக்கிவிடாமல் அப்படியே இறக்குங்கள். அந்தக் கலவையில் பிறந்த இசை அது.

பேட்டியின்போது யாராவது டாட் (பழைய டிஜிட்டல் ஒலிநாடா) கேசட் இருக்கிறது என்று சொன்னால், அன்றைய கேள்விகளை மூடிவைத்துவிட்டு அதை டிஜிட்டலாக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள். அதை ஓட்டும் கருவிகளும் பழுது பார்ப்பவர்களும் அருகி வருகிறார்கள். பூஞ்சை பிடித்த டேப்பைச் சோதனைக்குக்கூட ஓட்டிப் பார்க்காதீர்கள். டேப் கிழியும், கருவியின் தலையும் அழுக்கேறும்.